லாகின் ஆனவரெல்லாம் உரிமை உள்ளவர் அல்ல

அன்புள்ள நிரலாளர்களே, அவர்கள் எழுதும் கோடுக்கு ஒப்புதல் தரும் டீம் லீட்களே,

பாஸ்வேர்டைச் சரிபார்த்து, ஓடிபியும் வாங்கி, ஆளை உள்ளே விட்டதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். "நீ யார்?" என்ற கேள்விக்குத்தான் அங்கே பதில் கிடைத்திருக்கிறது. "இதைத் தொட உனக்கு உரிமை உண்டா?" என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்புவதற்கு, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபியும் ஒரு காரணம். அதில் சர்வர் அனுப்பும் 401 என்ற பிழை எண்ணுக்கு 'அன்ஆத்தரைஸ்டு' (அனுமதி இல்லாதவர்) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் பொருள், ஆள் யாரென்று உறுதியாகவில்லை என்பதுதான். ஆளைத் தெரியும், அனுமதி இல்லை என்று சொல்வது 403.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். பாஸ்வேர்டு மாற்றும் பக்கம் எழுதினேன். படிவத்தில் யூசர் ஐடியைக் கண்ணில் படாத புலமாக வைத்திருந்தேன். சர்வரில் முதல் வரியிலேயே, லாகின் ஆகியிருக்கிறாரா என்று பார்த்தேன். அப்புறம் படிவத்தில் வந்த ஐடியை எடுத்து, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினேன். டெஸ்ட் செய்தவர் பிரவுசரிலேயே தன் ஐடியான 41ஐ 42 ஆக்கி அனுப்பினார். அடுத்தவருடைய பாஸ்வேர்டு மாறிவிட்டது! லாகின் ஆனவர் யாரென்று சர்வர் குறித்து வைத்திருக்கும் செஷனிலிருந்து ஐடியை எடுத்திருந்தால், பழைய பாஸ்வேர்டையும் கேட்டிருந்தால், இது நடந்திருக்காது. அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

புதியவர்கள் மட்டும் செய்யும் தவறு இல்லை இது. 2018 அக்டோபரில் தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் லிப்எஸ்எஸ்ஹெச் என்ற நிரல் நூலகத்தில் ஓர் ஓட்டை வெளியே வந்தது. 'லாகின் வெற்றி' என்பது சர்வர், உள்ளே வரக் கேட்கும் கிளையண்டுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. அதைக் கிளையண்டே சர்வருக்கு அனுப்பினால், சர்வர் அதை நம்பிப் பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விட்டது. எதிர்முனையிலிருந்து வரும் எதையும், அது மறைந்த புலமோ குக்கியோ, சரிபார்க்காமல் நம்பக் கூடாது. பக்கத்தில் அட்மின் பட்டனை மறைத்து வைப்பதும் பாதுகாப்பு ஆகாது. சர்வர் தடுக்க வேண்டும்.

மற்றவர்கள் கோடை ரிவ்யூ செய்யும்போது நான் அடிக்கடி பார்ப்பது இன்னொன்று. 'அனுமதி' என்ற மாறிக்கு முதலிலேயே 'உண்டு' என்று மதிப்பு கொடுத்து, டேட்டாபேஸைக் கேட்டு, தகுதி இல்லையென்றால் 'இல்லை' என்று மாற்றுகிறார்கள். டேட்டாபேஸ் பதில் தராமல் பிழை வந்தால்? பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதி அதை லாக் என்ற பதிவேட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அனுமதி 'உண்டு' என்றே நிற்கும். 'இல்லை' என்று தொடங்குங்கள். கணினிப் பாதுகாப்பு பற்றிய கட்டுரையில் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற ஆய்வாளர்கள் 1975லேயே சொன்ன விதி இது. ஒவ்வோர் அணுகலையும் சரிபார்க்க வேண்டும் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. ஆனாலும் இணையச் செயலிப் பாதுகாப்புக்கான அமைப்பான ஓவாஸ்ப் 2021இல் வெளியிட்ட முக்கிய ஆபத்துகளின் பட்டியலில், அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறு 5ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தது.

டீம் லீட்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. நம் டெஸ்ட்கள் பெரும்பாலும் சரியான ஆள் சரியான வேலையைச் செய்வதையே பார்க்கின்றன. இரண்டு கணக்குகள் உருவாக்கச் சொல்லுங்கள். ஒருவர் செஷனை வைத்து மற்றவருடைய பதிவைப் படிக்க, திருத்த, அழிக்க முயலும் டெஸ்ட் வேண்டும். மூன்றிலும் 403 அல்லது 404 ('அப்படி ஒன்று இல்லை') வர வேண்டும். அந்த டெஸ்ட் இல்லாத கோடை, எவ்வளவு அவசரம் என்றாலும், முதன்மைக் கோடுடன் மெர்ஜ் செய்யாதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் தினமும் கோடு எழுதும் ஒருவன்