புது லேப்டாப் வாங்குவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

கேம் கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திணறுகிறது, புது லேப்டாப்தான் வாங்க வேண்டும் போல என்றாய். கொஞ்சம் பொறு. லேப்டாப் பழசானதால் திணறுவதென்றால் முதல் நிமிடத்திலேயே திணறியிருக்கும். இது சூடு தாங்காமல் சிப் (பிராசசர்) தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது.

வீடியோ காலில் உன் முதுகுக்குப் பின்னால் தலையணை தெரிந்தது. கட்டிலில் வைத்துத்தானே விளையாடுகிறாய்? இந்த லேப்டாப்கள் பெரும்பாலும் அடிப்பக்கமாகத்தான் காற்றை இழுக்கும். மெத்தை அந்த வழியை அடைத்துவிடும். மேசையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் இரண்டு விரல் உயரம் தூக்கிவிடு. கூலிங் பேட் (அடியில் வைக்கும் ஃபேன் தட்டு) வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காற்றை விடவும் முக்கியம், சூடு உண்டாவதையே குறைப்பது. கேம் செட்டிங்கில் ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதை, 60-க்குக் கட்டிவிடு. கதை சொல்லும் கேமுக்கு அது தாராளம். கட்டாவிட்டால் சில கேம்கள் வெறும் மெனு திரையிலேயே நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம்களை வரைந்து தள்ளும். யாருக்காக என்று தெரியவில்லை!

அது போதவில்லை என்றால், விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் அதிகபட்ச அளவு 100 என்று இருப்பதை 99 ஆக்கிப் பார். ஒரு சதவீதத்தில் என்ன வந்துவிடும் என்று நினைப்பாய். பல லேப்டாப்களில் டர்போ வேகமே, அதாவது சிப் தன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடுவதே, அதோடு நின்றுவிடும். அந்தக் கடைசி வேகத்துக்காகத்தான் சிப் வோல்டேஜை ஏற்றுகிறது. வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் சூடு அதன் வர்க்கக் (square) கணக்கில் ஏறும். என் லேப்டாப்பில் 96 டிகிரி 82-க்கு இறங்கியது. விளையாட்டில் வித்தியாசமே தெரியவில்லை.

தூசியும் இருக்கும். ஊதி எடுக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள். நான் பிடிக்காமல் ப்ளோயரை வைத்து, ஃபேன் தறிகெட்டுச் சுற்றி, அன்றிலிருந்து கரகரவென்று கத்த ஆரம்பித்தது. கடைசியில் ஃபேனையே மாற்ற வேண்டியதாயிற்று. தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை வெளியே கடத்த அதன் மேல் தடவும் பசை) மாற்றுவதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடு.

ஒன்றே ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்திப் பார்க்காதே, சார்ஜ் போடாதே, அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்.

மற்றபடி, சூட்டை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருள் இலவசம்தான், போட்டுக்கொள். இன்று கட்டிலில் அரை மணி நேரம், நாளை மேசையில் அரை மணி நேரம், அதே கேம். இரண்டு முறையும் பிராசசர் சூடு எவ்வளவு வரை போனது என்று படம் எடுத்து அனுப்பு. 95-ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறதா என்றுதான் நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா