எங்கள் பஸ் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்

ஒரு சிகிச்சையோ மருந்தோ செலவுக்குத் தகுமா என்று பார்க்கும் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டில் கைகோத்திருக்கும் ஆசிய நாடுகளின் அமைப்பினருக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, சிறுநீரகம் பழுதான என் கணவர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். நாலு மணி நேரம் மிஷினில் கிடந்த உடம்பு, பிரஷர் இறங்கிவிட்டது. ஊசி குத்திய இடத்துப் பஞ்சு நனைந்து சட்டைக் கையெல்லாம் ரத்தம். அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் எங்கள் ஊர் பஸ் இரண்டு போய்விட்டன.

சிகிச்சை இலவசம். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் வாரத்தில் மூன்று நாள் தையல் வேலைக்குப் போக முடியாது, கூலியும் கிடையாது.

ஒரு சிகிச்சை அதன் செலவுக்குத் தகுமா என்று நீங்கள் பார்க்கும்போது மிஷின், மருந்து, நர்ஸ் சம்பளம் எல்லாம் கணக்கில் வருகிறது. பல ஆய்வுகள் அரசின் செலவோடு நின்றுவிடுகின்றன. என் கூலி யார் கணக்கில் வரும்? தயவுசெய்து அதையும் சேருங்கள்.

வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே திரவம் மாற்றும் டயாலிசிஸைத் தாய்லாந்து 2008-லேயே பொதுக் காப்பீட்டில் முதல் வழியாக்கியது. 2022-இல் நோயாளியே டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம் என்று மாற்றியது; 2025-இல் மறுபடியும் வீட்டு வழியையே முதலாக்கியது. அங்கே எந்தச் சிகிச்சையை மதிப்பிட வேண்டும் என்று நோயாளர் அமைப்புகளும் முன்மொழியலாம். அந்த நாட்டின் முடிவை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. எங்களையும் கேளுங்கள் என்கிறேன்.

தமிழ்நாட்டிலும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து அந்தத் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. அப்படி ஒரு வழி இருப்பதையே எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இவருக்கு டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருஷம் கழித்து, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. இவருக்கு அது ஒத்துவருமா என்று இப்போதுதான் கேட்டிருக்கிறோம். நாடுகள் கூடிப் பேசுகிறீர்கள், அறிக்கைகளை மாற்றிக்கொள்கிறீர்கள். அவற்றில் ஒரு பக்கமாவது நாங்கள் படிக்கிற மொழியில் வரக்கூடாதா? எங்கள் உடம்பைப் பற்றிய முடிவு எங்களுக்கே கடைசியில் தெரிவது என்ன நியாயம்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: பயணச் செலவையும் போன கூலியையும் கணக்கில் எழுதுங்கள், பேசும் இடத்தில் நோயாளி வீட்டாருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அழைத்தால் வருகிறேன். செவ்வாய், வியாழன், சனி மட்டும் வேண்டாம், அன்றைக்கு டயாலிசிஸ்.