எட்டயபுரத்துத் தெருவும் உன் பம்பரமும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரம் போய் வந்தேன். கோவில்பட்டியில் பஸ் மாறி, மழை குடித்துக் கறுத்துக் கிடந்த கரிசலைப் பார்த்துக்கொண்டே போனதில் தொலைவு தெரியவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் சமாதிக்கும் போக வேண்டும் என்றுதான் கிளம்பினேன். பாரதி பிறந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகு வேறெங்கும் செல்ல மனம் வரவில்லை.

1882 டிசம்பர் 11 அன்று அவர் பிறந்த அந்த வீட்டில் நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தது அவருடைய தகப்பனார் சின்னசாமி ஐயரைத்தான். சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். கணக்கிலும் இயந்திரங்களிலும் ஈடுபாடு கொண்டு, அந்தச் சிற்றூரிலேயே ஒரு பருத்தி ஆலையை நிறுவியவர். ஐந்து வயதில் தாயை இழந்த பிள்ளை, ஆங்கிலமும் கணக்கும் கற்று உயர வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிள்ளையோ பதினொரு வயதிலேயே தமிழ்க் கவிதைக்காகப் ‘பாரதி’ என்று பட்டம் பெற்றுவிட்டான். ஆனாலும் ஆங்கிலப் படிப்புக்காக அவனைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். ஆலை நொடித்தது, 1898இல் அவரும் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து 1910இல் வெளியிட்ட சுயசரிதைப் பாடலை நீயும் படித்திருப்பாய். தன்னையொத்த சிறுவர்கள் குட்டையில் நீந்தியும் மரத்தில் ஏறி இறங்கியும் திரிந்தபோது, தந்தையின் கட்டளைக்கு அஞ்சி, ‘வீதி ஆட்டங்கள் ஏதினுங் கூடிலேன்’ என்று அதில் சொல்கிறார்; புத்தகங்களோடு தனியனாக, தோழமை இல்லாமல் வருந்தியதையும் சொல்கிறார். எத்தனையோ முறை படித்த வரிதான். ஆனால் அந்த வீட்டு வாசலில் நின்று, எதிரே இரண்டு சிறுவர்கள் கோலிக்குண்டு விளையாடுவதையும், தோற்றவன் புழுதியில் மண்டியிட்டு மறுபடி குறி பார்ப்பதையும் கண்டபோது, அந்த வரி என்னைப் பார்த்துச் சொன்னதாகவே பட்டது.

நீ ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டு, மாலை ஐந்து மணிக்குமேல் தெருவுக்குப் போகக் கூடாது என்று நான் விதித்ததும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ நின்றதும் உனக்கு நினைவிருக்கும். உன் நன்மைக்கென்று நினைத்துத்தான் செய்தேன். சின்னசாமி ஐயரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அது தவறு என்று இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட உன்னிடம் சொல்லவில்லை; இப்போது சொல்கிறேன். அதே பாடலில் தகப்பனார் வறுமையில் ஒடிந்துபோனதை பாரதி எவ்வளவு மனம் நொந்து பாடுகிறார் என்பதை, வீடு திரும்பியதும் மறுபடி எடுத்துப் படித்தேன். மேலே படிக்க முடியாமல் சிறிது நேரம் மூடி வைத்துவிட்டேன்.

அன்று உன்னிடமிருந்து பறித்து பீரோவில் பூட்டிய பம்பரம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. ஆணியில் துரு ஏறியிருந்தது; தேய்த்து எண்ணெய் போட்டிருக்கிறேன். சாட்டைதான் இற்றுப்போயிருந்தது, எட்டயபுரம் கடைத்தெருவிலேயே புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டேன். விடுமுறைக்கு வரும்போது பேரனையும் அழைத்து வா. சுற்றிவிட அவனுக்கு நீதான் கற்றுக்கொடுக்க வேண்டும், எனக்குத் தெரியாது.

அன்புடன்,
அப்பா