கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்

பழைய தமிழ்ப் படங்களை ஒளிபரப்பும் டிவி சேனல்கள், ஓடிடி தளங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு மதியம் அம்மாவோடு உட்கார்ந்து டிவியில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பார்த்தேன். 1962-ல் ஸ்ரீதர் இயக்கிய படம், ஒளிப்பதிவு ஏ.வின்சென்ட். கதையில் பெரும்பகுதி ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். அத்தனை சின்ன இடத்துக்குள் கேமராவை எங்கெல்லாம் கொண்டுபோக முடியும் என்று வின்சென்ட் காட்டியிருப்பதைப் பார்ப்பதற்காகவே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தான் பிழைக்காவிட்டால் மறுமணம் செய்துகொள் என்று நோயாளிக் கணவன் சொல்லிவிட, 'சொன்னது நீதானா' என்று தேவிகா பாடுவார். அந்தப் பாட்டில் கேமரா கட்டிலுக்கு அடியில் புகுந்து போகும். இன்று கைக்கடக்கமான கேமராவில் யாரும் எடுத்துவிடலாம். அன்றைய கேமராவின் எடையை நினைத்துப் பாருங்கள்!

அன்று நாங்கள் பார்த்தது வேறு. தேவிகாவின் முகம் அருகில் வரும்போதெல்லாம் நெற்றி பாதியில் நின்றுவிட்டது. "என்னடா இது, பொட்டுக்கு மேல ஒண்ணுமே தெரியல" என்றார் அம்மா. கட்டிலுக்குக் கீழே இருந்த தரையும் காணாமல் போயிருந்தது.

காரணம் உங்களுக்கும் தெரியும். அந்தக் காலப் படங்களின் பிரேமில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 4:3. இன்றைய டிவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழக் கூடாது என்று படத்தைப் பெரிதாக்கி, மேலும் கீழும் வெட்டுகிறீர்கள். அப்படி வெட்டினால் படத்தில் கால்பங்கு போய்விடுகிறது. சிலர் வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். அதில் எல்லோருக்கும் முகம் உப்பிப்போகிறது. 1973-ல் 'ராஜராஜ சோழன்' வரும்வரை தமிழில் சினிமாஸ்கோப் என்கிற அகலத்திரைப் படமே கிடையாது. அதற்கு முந்தைய நாற்பது வருடப் படங்களையும் இந்தக் கத்தரிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-ல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் எடுத்தது. வரிசை வரிசையாகப் பிரம்மாண்டமான முரசுகள், அவற்றின் மேல் பெண்கள் ஆடுகிறார்கள். கடைசியில் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே பாய்வார்கள். ஆடும் கால் தோலின் மேல் படுவது தெரிந்தால்தான் அந்த நடனத்துக்கு உயிர். காலை வெட்டிவிட்டால் அவர்கள் முரசின் மேல் ஆடுகிறார்களா, தரையில் ஆடுகிறார்களா என்று புதிதாகப் பார்க்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறீர்கள். 1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' இதில் படுகிற பாடு கொஞ்சமல்ல. பாட்டே இல்லாத படம். எடுத்த எடுப்பில் சிவாஜி சுடப்பட்டு விழுகிறார், அப்புறம் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். யாரை நம்புவது என்ற குழப்பத்தை வசனம் பாதி சொல்கிறது, ஒளிப்பதிவாளர் மாருதிராவ் அமைத்த நிழல் மீதியைச் சொல்கிறது. அந்த நிழலை வெளுக்கவைத்து சாம்பல் நிறமாக்கினால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். அதை அவர் வேண்டுமென்றே வைத்தார்.

டைட்டிலை வெட்டாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வின்சென்ட், மாருதிராவ் போன்றவர்களின் பெயர் திரையில் வருவது அந்தச் சில நொடிகள்தான்.

கறுப்புப் பட்டை தெரிந்தால் டிவி பழுது என்று நேயர்கள் போன் செய்வார்கள் என்று உங்களில் ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். நியாயமான கவலைதான். படம் தொடங்கும் முன் 'இந்தப் படம் எடுக்கப்பட்ட அளவிலேயே காட்டப்படுகிறது' என்று ஒரு அட்டை போட்டுவிடுங்கள். பத்து நொடி போதும். ஜனங்களுக்குப் புரியும்.

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. அதற்கும் முன்பு நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப் படமும் அப்படித்தான் போயிற்று. அவற்றைப் பற்றி நாம் செய்ய ஒன்றுமில்லை. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' கையில் இருக்கிறது, முழுசாக இருக்கிறது.

அம்மா அதை முதன்முதலில் பார்த்தது ஊர் டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து. அன்று திரையில் தெரிந்த அதே அளவில் ஒருமுறை போடுங்கள். நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் நாங்கள் இருவரும் டிவி முன்னால் இருப்போம்.

அன்புடன்,
ஒரு பழைய பட ரசிகன்