மருத்துவ மாணவர்களுக்கு இதையும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு,

பெண் தன்பாலீர்ப்பை 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்ற தலைப்பின் கீழ் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மறுபடி சேர்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பரில் திரும்பப் பெற்றது. சரி, நல்லது. ஆனால் இத்தகைய பாடங்களைத் திருத்தும்படி 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகும் இது நடந்ததுதான் வேதனை.

தவறான வரியை நீக்கினால் மட்டும் போதாது; தன்பாலீர்ப்பாளருக்கும் திருநர்களுக்கும் எப்படி மருத்துவம் பார்ப்பது என்றும் கற்றுக்கொடுக்க வேண்டும். திருநம்பி என்றால் பெண் எனப் பிறப்பில் பதியப்பட்டு ஆணாக வாழ்பவர். கருப்பை வாய் உள்ள திருநம்பிக்கும் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. பாலின மாற்றத்துக்காக ஹார்மோன் எடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனைகளைத் தவறாமல் செய்ய வேண்டும். இதையெல்லாம் யார் சொல்லித் தருவது? புறநோயாளிகள் பிரிவில் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வியிலேயே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள், அப்புறம் நோய் முற்றித்தான் வருகிறார்கள்.

ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநங்கையருக்கான சிறப்புப் பிரிவு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் பயிற்சிக் காலத்தில் சில நாட்களாவது அங்கே பணியாற்ற வேண்டும். வகுப்பெடுக்கத் திருநங்கையரையும் தன்பாலீர்ப்பாளரையும் மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். தேர்விலும் இதற்குக் கேள்வி வைக்க வேண்டும். கேள்வி வராத பாடத்தை மாணவர்கள் படிப்பதில்லை.

— ஓய்வுபெற்ற செவிலியர், அயனாவரம், சென்னை