வீட்டுப் பராமரிப்புப் பணியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுத் தோழர்களுக்கும், இரவுப் பணி முடித்துத் தூங்காமல் நேராக இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வைப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியது: நாம் உழைத்தும் எழுதாமல் விட்ட நேரம்.

கூலி உயர்வு கேட்கும்போது மணிக்கு எவ்வளவு என்றுதான் பேசுகிறோம். ஆனால் எத்தனை மணி என்ற கணக்கில்தான் பணம் கரைகிறது. காலை 8 முதல் 10 வரை ஒரு வீடு, 10.45 முதல் 12.15 வரை இன்னொரு வீடு, 1 முதல் 3.30 வரை மூன்றாவது வீடு என்று வைத்துக்கொள்வோம். நம்மை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி தருவது 6 மணி நேரக் கூலி. இடையில் இரண்டு பயணம், தலா 45 நிமிடம். உண்மையில் போனது ஏழரை மணி நேரம். சொன்ன கூலியில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. மாதம் 26 நாள் வேலை என்றால் கூலியில்லாத நேரம் 39 மணி.

நிலையான பணியிடம் இல்லாதவர்கள் வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரமும், கடைசி வாடிக்கையாளரிடமிருந்து வீடு திரும்பும் நேரமும் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் ஸ்பெயினில் பாதுகாப்புக் கருவி பொருத்துபவர்கள். தீர்ப்பு வேலை நேர வரம்பைப் பற்றியது. கூலியை அதுவே வாங்கித் தந்துவிடாது. ஆனாலும் பேச்சுவார்த்தை மேசையில் எடுத்து வைக்கத் தகுந்த வாதம் அது.

இரவுப் பணிக் கணக்கு இதைவிடக் கொடியது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். இரவு 9 முதல் காலை 6 வரை என்றால் 11, 1, 3, 5 என நான்கு முறை எழ வேண்டும். டயப்பர் மாற்ற, சிறுநீர்க் குழாயின் (கதீட்டர்) பையைக் காலி செய்ய எழுவது தனி. "தூங்குவதற்குத்தானே சம்பளம்" என்பவர்களுக்கு இந்த நான்கு நேரங்களும் எழுத்தில் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021இல், பணியிடத்தில் உறங்கும் இரவுகளில் விழித்து வேலை செய்த நேரம் மட்டுமே குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேரும் என்றது. அது நமக்குச் சாதகமான தீர்ப்பு அல்ல. குறித்து வைக்காதவருக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. வீட்டுப் பணியாளர்களுக்கான, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை (2011) வேறு வழி காட்டுகிறது. கூப்பிட்டால் வரவேண்டிய நிலையில் வீட்டில் காத்திருக்கும் நேரத்தை எந்த அளவுக்கு வேலை நேரமாகக் கொள்வது என்பதைச் சட்டம் மட்டுமல்ல, கூட்டு ஒப்பந்தமும் வரையறுக்கலாம். வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வும் அதே பத்தாவது பிரிவில் உள்ளது.

ஆகவே நேரக் குறிப்பேடு பற்றிச் செயற்குழு எடுத்த முடிவுகள்: பக்க எண் அச்சிட்ட, தாள் கிழிக்க முடியாத நோட்டு. வீட்டை விட்டுக் கிளம்பிய நேரம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், இரவில் எழுந்த ஒவ்வொரு நேரமும் காரணமும், கையெழுத்து. தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். வெள்ளை மை கூடாது. பெரும்பாலான நோட்டுகள் பயனற்றுப் போவதற்குக் காரணம், வாரக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புவதுதான். எல்லா நாளும் 8.00, 10.00 என்று முழு எண்ணாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். 8.07 என்றால் 8.07 என்றே எழுதுங்கள். வீட்டார் கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றைய நேரங்களை அன்றே ஏஜென்சிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள், தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும். கைப்பேசிச் செயலியில் வருகை பதிபவர்களும் நோட்டை விடக்கூடாது. சிக்னல் இல்லாத வீட்டில் நிமிடங்கள் காணாமல் போகின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நோயாளியின் பெயரோ நோயோ நோட்டில் வரக்கூடாது. முதலெழுத்து போதும். அவர்களுடைய மானமும் நம் பொறுப்பு.

சலுகைக் கோரிக்கைகளில் முதலிடம் முதுகுக்கு. ஆளைத் தூக்கி உட்கார வைப்பதில்தான் நம்மில் பலரின் இடுப்பு போகிறது. கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றும் வசதி, நோயாளியைத் தூக்காமல் நகர்த்த வழுக்குத் துணி, பிடித்து எழுப்ப அவர் இடுப்பில் கட்டும் பட்டை, எடை கூடியவருக்கு இரண்டாவது ஆள் ஆகியவற்றைப் பணி தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். அடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். தாமதித்தால் "வேறெங்கோ பட்டது" என்பார்கள். அடுத்தது, நோயாளி காலமானாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ அன்றே நின்றுபோகும் வேலை. மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டவரை இழந்த துக்கத்தோடு மறுநாள் கூலியும் இல்லை என்பது பெருங்கொடுமை. இதற்கு இரண்டு வார அறிவிப்புக் கூலி கேட்கிறோம்.

ஆள் சேர்ப்பைப் பொறுத்தவரை, நமக்குத் தொழிற்சாலை வாசல் கிடையாது. நோயாளி இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது என்ற விதி நீடிக்கிறது. பேருந்து நிறுத்தங்களிலும் ஏஜென்சியின் சம்பள நாளிலும் பேசுவதே பலன் தருகிறது. வீட்டோடு தங்குபவர்களுக்காக மாதக் கூட்டத்தை வேறு கிழமையில் இன்னொரு முறையும் நடத்த வேண்டும்.

முதலாளி யார் என்பதே தெரியாதபோது யாரோடு பேசுவது? படிப்பு வட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் அனுபவத்தை எடுத்துக்கொண்டதற்கு இந்தக் கேள்விதான் காரணம். அங்கே வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களைச் சங்கமாக்க 1987இல் தொடங்கிய முயற்சி, பணம் தருவது அரசு, ஆளை வைப்பது வீட்டார் என்ற சிக்கலில் முட்டி நின்றது. முதலாளியின் இடத்தில் இருந்து பேச்சுவார்த்தை நடத்தப் பொது ஆணையம் அமைக்கலாம் என்று 1992இல் கலிஃபோர்னியா சட்டம் வழிவிட்டது. அதன் நிர்வாகக் குழுவில் பாதிக்குக் குறையாமல் பராமரிப்பு பெறுவோருக்கு இடம். 1999இல் ஏறக்குறைய 74,000 பேர் சங்கத்துக்குள் வந்தார்கள். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் எதிரே நிற்காமல் உடன் நின்றதால் கிடைத்த வெற்றி என்றே நான் கருதுகிறேன்.

நியூயார்க்கில் நம்மைப் போல வீட்டுப் பராமரிப்புப் பணி செய்த எவலின் கோக் ஓவர்டைம் கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2007இல் தோற்றார். 2009இல் இறந்தார். 2013இல் அவரைப் போன்றவர்களுக்கும் ஓவர்டைம் கிடைக்கும்படி விதி மாறியது. 2025இல் அதைத் திரும்பப் பெறும் முன்மொழிவும் வந்தது. விதியோடு நிற்காமல் அதையே ஒப்பந்தத்திலும் எழுதி வாங்க வேண்டும் என்று செயற்குழு வற்புறுத்துவது இதனால்தான்.

வேலைநிறுத்தம் பற்றிப் பலர் கேட்டீர்கள். உணவுக் குழாயும் ஆக்சிஜனும் உள்ளவரை விட்டு யாரும் எழுந்து போவதில்லை என்பதில் நமக்குள் மாறுபாடு இல்லை. கூலியில்லாத கூடுதல் நேரத்தையும், வீட்டாருக்கான துணி துவைப்பு போன்ற ஒப்பந்தத்தில் இல்லாத வேலைகளையும் ஒரே நாளில் அனைவரும் மறுப்பது என்பது முன்மொழிவு. அந்தத் தீர்மானத்தையும் இந்த அறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வாக்கெடுப்புக்கு முன் நோட்டுகளை மேசையில் கொடுத்துவிடுங்கள்; இந்த மாதப் பயண நேரத்தை இன்றே கூட்டிவிடுவோம்.

செயலாளர்