கடலில் இருப்பவரின் ஓட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

காசிமேட்டில் இருந்து விசைப்படகில் போகிறவர்கள் கரை திரும்ப ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். வாக்குப்பதிவு அன்று நடுக்கடலில் இருந்தால் ஓட்டு போச்சு. தபால் ஓட்டுப் பட்டியலிலும் மீனவர் இல்லை. 2024 மக்களவைத் தேர்தல் இங்கே ஏப்ரல் 19 அன்று, மீன்பிடித் தடைக்காலத்தில் வந்ததால் விசைப்படகுகள் கரையில் நின்றன. 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இதற்கு வழியே இல்லையா? சுவீடனில் தேர்தல் நாளுக்கு 18 நாள் முன்பிருந்தே ஓட்டு போடலாம். ஆஸ்திரேலியாவில் எட்டாத ஊர்களுக்கு நடமாடும் வாக்குச்சாவடி போகிறது. உலக நாடுகளின் இத்தகைய தேர்தல் அனுபவங்களை இணையத்தில் திரட்டிப் பகிர 1998-லேயே ‘ஏஸ்’ என்ற கூட்டுமுயற்சி தொடங்கியது. ஐ.நா.வும், மக்களாட்சியை வளர்க்கப் பல நாடுகள் சேர்ந்து ஸ்டாக்ஹோமில் நடத்தும் ‘இன்டர்நேஷனல் ஐடியா’ அமைப்பும் அதைத் தொடங்கியவர்களில் உண்டு. ஐடியாவின் நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அந்த அனுபவங்களை எளிய தமிழில் எல்லோரும் படிக்கிற மாதிரி மாநிலத் தேர்தல் ஆணையம் இணையத்தில் போட வேண்டும். அப்புறம், அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் மீனவர் சங்கங்களை அழைத்துப் பேசட்டும். துறைமுகத்திலேயே முன்கூட்டி வாக்களிக்க ஒரு சாவடி அமைப்பதில் இருந்து பேச்சைத் தொடங்கலாம்.

– ஒரு வாசகர், காசிமேடு, சென்னை